‘ஒன்லி’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்திலே நான்கே எழுத்துக்களாலான சொல் ‘ஒன்லி’. கடைத்தெருவிலும், புகையிரத நிலையத்திலும், கச்சேரியிலும், வங்கியிலும் இதனைக் காணாத நாளில்லை. மூன்றாம் வகுப்பு மாணவனும் இதன் பொருள் தெரியும் என்பான். ‘மட்டும்’ என்று விடையும் கூறிவிடுவான். அவ்விடை பிழையன்று; ஆயினும் அது பாதி விடையே. இச்சொல் ஆங்கில வாக்கியத்தில் எங்கே நிற்கின்றது, எச்சொல்லை வரையறுக்கின்றது, தமிழில் அதற்கு எத்தனை வடிவங்கள் உள என்பவற்றை ஆராயாமல் மொழிபெயர்ப்பவர், ஒரு சிறு சொல்லாலே ஒரு பெரும் பொருளை மாற்றிவிடுதல் கூடும். அங்ஙனம் மாறிய பொருள் நம் நாட்டிலே பரீட்சைத் தாளோடு நின்றதில்லை. சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கின்றது. ஆதலின், இவ்வொரு சொல்லையே எடுத்துக்கொண்டு சிறிது விரிவாக ஆராய்வது பழைய மாணவருக்கும் இன்றைய மாணவருக்கும் பயன்படும் என எண்ணுகின்றேன்.

முதலிற் சொல்லின் பிறப்பை நோக்குவோம். ‘ஒன்லி’ என்பது ஒன்று என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லோடு, ‘போன்ற’ என்னும் பொருளுடைய விகுதி சேர்ந்து பிறந்தது. ஒன்று போன்றது, ஒப்பற்றது என்பதே அதன் முதற் பொருள். ஒரே மகன், ஒரே வழி என்னுமிடங்களில் இன்றும் அப்பொருள் தோன்றுகின்றது. அங்கே அது பெயரைத் தழுவி நிற்கும். பின்னரே அது வினையுரிச்சொல்லாகி, ‘இதுவன்றி வேறில்லை’ என்னும் விலக்குப் பொருளைப் பெற்றது.

நம் நாட்டு மொழிகளில் இப்பொருளுடைய சொற்கள் வேறு வழியாக வந்தன. ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. ‘மாத்திரம்’ என்பதும் அளவு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்ததே. எழுத்தொலியின் அளவை நம் இலக்கணகாரர் ‘மாத்திரை’ என வழங்குவதும் அதன் இனமே. சிங்களத்தில் வழங்கும் ‘பமணய்’ என்னும் சொல்லும் பிரமாணம், அதாவது அளவு, என்பதன் திரிபு. ஆகவே, ஆங்கிலேயன் ‘ஒன்று’ என்னும் எண்ணிலிருந்து விலக்கைக் கண்டான். தமிழரும் சிங்களவரும் ‘அளவு’ என்பதிலிருந்து கண்டனர். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இனி, ஆங்கில வாக்கியத்தில் இச்சொல்லின் இடத்தைப் பார்ப்போம். ‘முருகன் சோல்ட் ப்ரோன்ஸ் யெஸ்டர்டே’ என்பது ஓர் எளிய வாக்கியம்: முருகன் நேற்று இறால் விற்றான். இதன் தொடக்கத்திலே ‘ஒன்லி’ வைத்தால், விற்றவன் முருகன் ஒருவனே, பிறர் விற்கவில்லை. இறாலின் முன்னே வைத்தால், விற்றது இறால் மாத்திரம். நண்டோ மீனோ அன்று. நேற்று என்பதன் முன்னே வைத்தால், விற்ற நாள் நேற்றே. வினையின் முன்னே வைத்தால் யாது பொருள்? ‘முருகன் ஒன்லி சோல்ட் ப்ரோன்ஸ் யெஸ்டர்டே.’ இலக்கண முறைப்படி, அவன் விற்றான், பிடிக்கவில்லை என்று கொள்ளல் வேண்டும். ஆனால் ஆங்கிலேயர் பேச்சிலே இவ்வொரு வாக்கியமே மேற்கூறிய பொருள்களுட் பலவற்றுக்கும் உரியதாகின்றது. அவர்கள் குரலை எச்சொல்லில் அழுத்துகின்றார்களோ அச்சொல்லையே ‘ஒன்லி’ சென்று பற்றும். காதாற் கேட்பவருக்கு ஐயமில்லை. கண்ணாற் படிப்பவருக்கோ அழுத்தம் தெரியாது, ஐயம் எழும்.

இதனாற்றான் ஆங்கில இலக்கணகாரர் நெடுங்காலம் தம்முள் வாதிட்டனர். 1762இல் இலக்கண நூல் வெளியிட்ட றொபேட் லௌத் என்னும் சமயகுரு, இத்தகைய சொற்களை அவை பற்றும் சொல்லின் அருகிலேயே வைத்தல் வேண்டும் என்னும் கட்சியினர். அவர் வழி வந்த பள்ளியாசிரியர் அதனை ஒரு கட்டளையாக்கி, வினையின் முன் நின்ற ‘ஒன்லி’ ஒவ்வொன்றையும் சிவப்பு மையாற் கோடிட்டனர். 1926இல் தமது வழக்கு நூலை வெளியிட்ட பௌலர் இக்கண்டிப்பை நகையாடினார். ஐயத்துக்கு இடமில்லாதவிடத்து வினையின் முன் நிற்பதே ஆங்கிலத்துக்கு இயல்பு என்பதும், ஐயம் எழுமிடத்தில் மாத்திரம் இடம் மாற்றி வைத்தல் தகும் என்பதும் அவர் கருத்து. பௌலர் கூறியதே எமக்கு உடன்பாடு. ஆயினும் எம் மாணவர் பரீட்சையில் எழுதும்போது லௌத்தைப் பின்பற்றுதல் நன்று. பேச்சிலே பிறந்து வளர்ந்த மொழிக்குரிய உரிமை வேறு. கற்றுப் பெற்ற மொழியில் எழுதுவோனுக்குரிய காவல் வேறு.

தமிழிலே இத்தொல்லை இல்லை. ஏன்? ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ தனித்து நடமாடும் சொல். தமிழில் அப்பொருளைத் தருவன பெரும்பாலும் இடைச்சொற்கள். அவை தனித்து நில்லா, பெயரையோ வினையையோ சார்ந்தே வரும். ‘முருகனே விற்றான்’, ‘இறாலே விற்றான்’, ‘நேற்றே விற்றான்’ என ஏகாரம் எச்சொல்லின் இறுதியில் ஒட்டுகின்றதோ அச்சொல்லையே பிற சொற்களின் பொருளிலிருந்து பிரிக்கும். நன்னூலார் ஏகாரத்துக்குக் கூறிய ஆறு பொருள்களுள் பிரிநிலை என்பது இதுவே. ஏனையவற்றுள் தேற்றம் என்பதும் ஒன்று. அது, துணிந்து கூறுதல். பிரிநிலைக்கும் தேற்றத்துக்கும் உரிய இவ்வேற்றுமையை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளாமையே நம்மவர் ஆங்கிலத்தில் வழுப்பட எழுதுவதற்குத் தலையாய காரணம்.

விளக்குவேன். ‘அவர்தான் எங்கள் அதிபர்’ என்கின்றோம். இங்கே ‘தான்’ யாரையும் விலக்க வந்ததன்று. சுட்டித் தேற்ற வந்தது. இதனை ஆங்கிலத்திலே ‘ஹீ ஒன்லி இஸ் அவர் பிரின்சிப்பல்’ என்று கூறினால், கேட்கும் ஆங்கிலேயன் திகைப்பான்; ஒரு கல்லூரிக்கு இரண்டு மூன்று அதிபர் இருத்தல் உண்டோ என்று வினவவும் கூடும். ‘அவர் அப்படித்தான்’ என்பதற்கு ‘ஹீ இஸ் லைக் தட் ஒன்லி’ என்று கூறுவது இந்தியாவிலும் எம் நாட்டிலும் பெருவழக்காயிற்று. இந்திய ஆங்கிலத்தைத் தனி வழக்காகக் கொண்டு ஆராய்வோர் அதனை வழுவமைதியாகவே ஏற்பர். அது அவர் பெருந்தன்மை. பரீட்சை திருத்துவோரிடம் அப்பெருந்தன்மையை எதிர்பார்த்தல் ஆகாது. தேற்றப் பொருள் வேண்டுமிடத்தில் ஆங்கிலம் குரலழுத்தத்தையோ, வாக்கியத்தைப் பிளந்து ‘அதிபர் யாரெனில் அவரே’ என்னும் அமைப்பையோ மேற்கொள்ளும், ‘ஒன்லி’யைத் தேடாது.

காலத்தைக் குறிக்கும் சொற்களோடு வருமிடத்து இன்னுமொரு நுட்பம் உண்டு. ‘நேற்று மாத்திரம் வந்தார்’ என்றால், வேறெந்த நாளும் வரவில்லை. ‘நேற்றுத்தான் வந்தார்’ என்றால், வந்து ஒரு நாளே ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்பது இவ்விரண்டுக்கும் ஒன்றாகவே நிற்கும். இடம் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். இங்கே தமிழ் ஆங்கிலத்தினும் கூர்மை உடையது. எண்ணுப்பெயரோடு வருவதையும் பாருங்கள். ‘ஐந்து பேரே வந்தனர்’ என்றால் குறைவு. ‘ஐந்து பேரும் வந்தனர்’ என்றால் நிறைவு. ஓர் ஏகாரத்துக்கும் ஓர் உம்மைக்கும் இடையே கூட்டம் தோற்றதும் வென்றதும் அடங்கியிருக்கின்றன.

தமிழின் கூர்மையைப் புகழ்ந்தோம். அது மழுங்குமிடம் ஒன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அது ‘மட்டும்’ என்னும் சொல்லே. ஈழத்துத் தமிழிலே இச்சொல்லுக்கு ‘வரைக்கும்’ என்னும் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. ‘எட்டு மணி மட்டும் காத்திருந்தேன்’ என்றால், எட்டு மணி வரையில் என்பதே பொருள். மட்டு என்பது எல்லை அன்றோ? இனி ஓர் அறிவித்தலைக் கற்பனை செய்க: ‘வெள்ளிக்கிழமை மட்டும் விண்ணப்பங்கள் ஏற்றுக்கொள்ளப்படும்.’ கொழும்பிலிருந்து எழுதியவர், வெள்ளிக்கிழமையன்றி வேறு நாளில் ஏற்கமாட்டோம் என எண்ணி எழுதியிருக்கலாம். கற்பிட்டியில் அதனைப் படித்தவர், வெள்ளி வரையில் எந்நாளும் கொடுக்கலாம் எனக் கொண்டு புதன்கிழமை புத்தளத்துக்கு பஸ் ஏறினால், அவர்மீது குற்றமுண்டோ? இருவரும் தமிழே எழுதினர், தமிழே படித்தனர். இதனாலேயே விலக்குப் பொருளுக்கு ‘மாத்திரம்’ என எழுதுவதும், எல்லைப் பொருளுக்கு ‘வரை’ என எழுதுவதும் நன்று. ஈழத்துப் பழைய ஆசிரியர் மாத்திரம் என்னும் சொல்லை விரும்பியது வடமொழிப் பற்றினால் என்று சிலர் கூறுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐயமின்றி எழுதவேண்டும் என்னும் கவலையே காரணம் எனக் கருதுகின்றேன்.

வங்கிக் காசோலையிலே ‘ரூபா ஐந்நூறு மாத்திரம்’ என எழுதுவதையும் இங்கே நினைக்க. அங்கே ‘ஒன்லி’ என்பது இகழ்ச்சியுமன்று, குறைவுமன்று. தொகைக்கு இடப்பட்ட தாழ்ப்பாள். அதற்குப் பின் வேறொருவன் ஒரு சொல்லைச் சேர்த்துத் தொகையைப் பெருக்காதபடி வாயிலைச் சாத்துகின்றது.

தொடர்களாக வரும் வழக்குகள் பல. எல்லாவற்றையும் கூற இடமில்லை. மாணவரைப் பெரிதும் இடறச் செய்வன மூன்றை மாத்திரம் கூறுவேன். ‘ஒன்லி இஃப்’ என்பதும் ‘இஃப் ஒன்லி’ என்பதும் சொல் முறை மாறியவை. பொருளோ கடலும் மலையும் போல வேறு. முன்னையது நிபந்தனை: ‘விண்ணப்பித்தால் மாத்திரமே கிடைக்கும்.’ பின்னையது ஏக்கம்: ‘அவர் மட்டும் உயிரோடிருந்தால்!’ தமிழிலும் ஏக்கத்துக்கு ‘மட்டும்’ வருவதைக் காண்க. ‘அவன் மட்டும் வரட்டும்’ என்று அச்சுறுத்துவதற்கும் அதுவே வருகின்றது. இவ்விடங்களில் இரு மொழிகளும் ஒத்து நடப்பது வியப்பே. இரண்டாவது, ‘ஒன்லி’யை அடுத்து எச்சவினை வருவது. சிலாபம் நிலையத்துக்கு ஓடிவந்து புகையிரதத்தைத் தவறவிட்டவரைப் பற்றி ஆங்கிலேயன் கூறும்போது, வண்டி போய்விட்டதைக் காண்பதற்கு மாத்திரம் ஓடிவந்தார் என்னும் வடிவிலே கூறுவான். அது நோக்கமன்று, விளைவு. ‘ஓடிவந்தார், வண்டியோ போய்விட்டது’ என ஓகாரத்தால் எழுதுவதே தமிழ். மூன்றாவது, ‘ஒன்லி ரூ கிளாட்’ என்னும் உபசார மொழி. இதிலே விலக்கு ஒன்றுமில்லை. மிக்க மகிழ்ச்சி என்பதே.

இனி, இச்சொல் சட்டத்திலே ஏறிய வரலாற்றுக்கு வருவோம். அரசியல் வாதம் செய்வது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும் எம் நாட்டின் மொழி வரலாற்றை மூன்று இடைச்சொற்களால் எழுதிவிடலாம் என்பதைக் காட்டாது விட்டால், இலக்கணம் வாழ்க்கைக்கு எதற்கு என வினவும் மாணவனுக்கு யான் விடை கூறினவனாகேன்.

1944இல், அக்கால அரசாங்க சபையிலே, ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சிங்களத்தை அரசகரும மொழியாக்கவேண்டும் என்னும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்தார். கிழக்கு மாகாணத்து உறுப்பினர் வி. நல்லையா அதற்கு ஒரு திருத்தம் கூறினார். ‘தமிழும்’ என்பதைச் சேர்க்கவேண்டும் என்பதே அது. திருத்தத்துடன் பிரேரணை நிறைவேறிற்று. சிங்களமும் தமிழும்: நம் இலக்கணத்தில் இது எண்ணும்மை. எண்ணும்மையின் இயல்பு யாதெனில், எண்ணப்பட்ட பொருள்களை ஒரே நிரலில் வைத்தல்; முன் பின் என்பது சொல்லின் வரிசையே, தகுதியின் வரிசை அன்று.

1956இல் நிலை மாறிற்று. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலிலே ‘சிங்களம் ஒன்லி’ என்பது முழக்கமாயிற்று, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பிரதமரானபின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியது. மாணவர் பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. உலகமெல்லாம் ‘சிங்களம் ஒன்லி’ச் சட்டம் என வழங்கும் இச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தில், மொழியை விதிக்கும் இடத்திலே ‘ஒன்லி’ என்னும் சொல் இல்லை. சிங்கள மொழி இலங்கையின் ‘ஒரு’ அரசகரும மொழியாகும் என, ‘ஒன்’ என்னும் எண்ணுப்பெயராலேயே விதித்தனர். சொல்லின் பிறப்பை முன்னர்க் கூறினேன் அல்லவா? ‘ஒன்’ என்பது தாய். ‘ஒன்லி’ என்பது மகள். சட்டத்தை எழுதியவர் மகளை மறைத்துத் தாயை முன்நிறுத்தினர். ஊரார் முகத்தைக் கண்டு உறவை அறிந்துகொண்டனர். தமிழர் அதனைத் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்றனர். அது நல்ல மொழிபெயர்ப்பு. ஆங்கில எண்ணுக்கும், அவ்வெண்ணிற் பிறந்த விலக்குக்கும் ஒருங்கே பொருந்துவது ‘தனி’ என்னும் சொல்லே. இலக்கணத்தில் இது பிரிநிலை: சிங்களமே.

அதன்பின் 1958இன் 28ஆம் இலக்கச் சட்டம் தமிழுக்குச் சில விசேட ஏற்பாடுகளைச் செய்தது. விலக்கியதை விலக்கியபடியே வைத்து, வாயிலில் ஒரு சிறு பலகணியைத் திறந்தது போன்றது அது.

1978இன் அரசியலமைப்பு, அரசகரும மொழி சிங்களம் எனவும், தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் எனவும் கூறிற்று. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தமே 18ஆம் உறுப்புரையிலே தமிழைச் சேர்த்தது. சேர்த்த வகையைப் பாருங்கள். முதற் பந்தியில் அரசகரும மொழி சிங்களம் என்பது இருந்தபடியே இருக்க, அடுத்த பந்தியில் தமிழ் ‘ஆல்சோ’ ஓர் அரசகரும மொழியாகும் என்று எழுதப்பட்டது. ‘ஆல்சோ’வும் ‘ஒன்லி’யைப் போலவே தனித்து நடமாடும் ஆங்கில வினையுரிச்சொல். அது அவ்வாக்கியத்திலே வினையின் நடுவில் நிற்கின்றது. எச்சொல்லைப் பற்றுகின்றது? சிங்களத்தைப் போலத் தமிழும் அரசகரும மொழி என்று தமிழைப் பற்றலாம். தேசிய மொழியாதலோடு அரசகரும மொழியாகவும் ஆகும் என்று மற்றப் பெயரையும் பற்றலாம். ஆங்கிலம் இரண்டுக்கும் இடங்கொடுத்து வாளா இருக்கின்றது. தமிழ் எழுதுவோன் அங்ஙனம் வாளா இருத்தல் இயலாது. உம்மையைத் ‘தமிழ்’ என்பதிலே ஒட்டுவதா, ‘மொழியாக’ என்பதிலே ஒட்டுவதா என அவன் தீர்மானித்தே ஆகவேண்டும். ‘தமிழும்’ என எழுதினால் அது எச்சவும்மை. முன்னே ஒன்று இருக்கின்றது, அதனோடு இதுவும் என்பது பொருள். சிங்களத்திலும் இப்பொருளுடைய இடைச்சொல் பெயரின் பின்னேயே ஒட்டிவரும். ஆகவே, ஆங்கிலம் மறைக்கும் ஐயத்தை நம் நாட்டின் இரு மொழிகளும் வெளிப்படுத்திவிடும்.

மற்றொன்று: முதற் பந்தியில் ஆங்கிலத்தின் ‘த’ என்னும் சுட்டுரிச்சொல்லும், இரண்டாம் பந்தியில் ‘அன்’ என்னும் பொதுவுரிச்சொல்லும் உள்ளன. முன்னது, அந்த மொழி. பின்னது, ஒரு மொழி. தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லாமையால் இவ்வேற்றுமை மொழிபெயர்ப்பிலே பெரும்பாலும் தேய்ந்துபோகும்.

ஆகவே 1944இல் எண்ணும்மை, 1956இல் பிரிநிலை, 1987இல் எச்சவும்மை. எண்ணும்மைக்கும் எச்சவும்மைக்கும் வடிவம் ஒன்றே, ‘உம்’. ஆயினும் ஒன்று இருவரை ஒரே பாயில் உடன் இருத்துவது. மற்றது இருந்தவர் அருகே வந்தவருக்கு இடம் விடுவது. நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறியபோது இதனையெல்லாம் நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அவர் கூறிய பாகுபாடு இங்கே எத்துணைச் செவ்விதாகப் பொருந்துகின்றது!

சிறு சொற்களுக்காக மன்றங்களில் வாதிடுதல் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 1963இல் இந்தியப் பாராளுமன்றத்திலே ஆட்சிமொழி மசோதா வந்தபோது, ஆங்கிலம் தொடர்ந்து ‘இருக்கலாம்’ என்பதற்குப் பதிலாக ‘இருத்தல் வேண்டும்’ எனப் பொருள்படும் துணைவினையை இடவேண்டும் என அண்ணாதுரை முதலியோர் வற்புறுத்தினர். அன்று அது ஏற்கப்படவில்லை; 1967இன் திருத்தத்தில் அந்த வன்மையான துணைவினை இடம்பெற்றது. துணைவினை ஒன்றுக்கு நான்கு ஆண்டு!

இவ்வாராய்ச்சி புத்தளக் கரையிலுள்ள எமக்கு ஏன் வேண்டும்? வடமாகாணத்தவரினும் எமக்கு இது மிகுதியும் வேண்டும் என்பேன். 1988இன் பதினாறாவது திருத்தத்தின்படி, சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிருவாக மொழிகள். ஆனால் வடக்குக் கிழக்கு மாகாணங்கள் தவிர்ந்த ஏனைய மாகாணங்களிலே அலுவலகப் பதிவுகள் சிங்களத்தில் வைக்கப்படும். ‘தவிர்ந்த’ என்னும் சொல்லைக் கவனிக்க. அது ‘ஒன்லி’யைத் திருப்பிப் போட்டது. நாம் வடமேல் மாகாணத்தவர், தவிர்ந்தவற்றுள் அடங்காதவர். ஆயினும் அதே 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளவும், அதற்குரிய மறுமொழியைப் பெறவும் உரித்துடையவர் என்கின்றது. சிறுபான்மை மொழியினரின் விகிதத்தை நோக்கி, ஒரு பிரிவிலே இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாக்க ஜனாதிபதி பணிக்கலாம் எனவும் கூறுகின்றது. இவற்றை அறியாத ஒருவர் ‘சிங்களத்தில் மாத்திரம்’ என யாரோ வாயாற் கூறியதைக் கேட்டு, விண்ணப்பத்தைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவார். அறிந்தவர், அந்த ‘மாத்திரம்’ எங்கே எழுதியிருக்கின்றது என வினவுவார்.

எம் கரையின் மொழி நிலை தனிச் சிறப்புடையது. உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், திரௌபதி அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பும் தமிழோடு பிணைந்தவை. முன்னேசுவரத்திலே இரு மொழியினரும் ஒரே சந்நிதியில் நின்று வழிபடுகின்றனர். புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம்களும் அம்மொழியோடே வந்தனர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள கரையிலோ, இருபதாம் நூற்றாண்டிலே பள்ளிகள் சிங்கள மொழிமூலத்துக்கு மாறிய பின்னர், தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல சிங்களத்துக்கு மாறின. அங்கே பாட்டன் தமிழ், பேரன் சிங்களம். ஆங்கிலத்துக்கும் இக்கரை புதிதன்று. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடவிளக்க நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். மூன்று மொழிகளும் கலக்கும் முகத்துவாரம் போன்ற இவ்விடத்திலே, ஒரு மொழியின் இடைச்சொல்லை மற்றொரு மொழியின் தவறான இடத்தில் ஒட்டினால், அதனால் வரும் இழப்பு நாள்தோறும் யாரேனும் ஒருவருக்கு உண்டு.

இறுதியாக, மாணவர் பயிற்சிக்குச் சில வாக்கியங்கள் தருகின்றேன். இவற்றை ஆங்கிலமாக்கி, ‘ஒன்லி’ வேண்டுமிடத்தில் மாத்திரம் இட்டு, ஆசிரியரிடம் காட்டுக.

நேற்றுத்தான் வலை இழுத்தனர். நேற்று மாத்திரம் வலை இழுத்தனர். சம்மாட்டியார்தான் தலைவர். சம்மாட்டியார் மாத்திரமே கையொப்பமிட்டார். புதன்கிழமை மட்டும் கடல் கொந்தளித்தது. (இதற்கு ஆங்கிலம் இரண்டு, இரண்டையும் எழுதுக.) கடிதம் தமிழிலும் அனுப்பப்படும். கடிதம் தமிழிலே அனுப்பப்படும். தபாற்கந்தோருக்கும் கடிதம் அனுப்பப்படும்.